கூந்தலும் புறப்பாடும் ஒரே எழுத்து: சீனத்தின் இரு எழுத்து முறைகளுக்கு மூன்று செயலிகள், ஒரு மதிப்புரை

1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது வடிவம் மாறியவை 13 எழுத்துகள். தும்பிக்கை வைத்த லையும் னையும் போய்ப் புதிய வடிவங்கள் வந்தன. இன்றைக்கும் பழைய அச்சுப் புத்தகத்தைப் பிரித்தால் இரண்டு பக்கத்துக்குள் கண் பழகிவிடும். ஒரு வடிவத்துக்குப் பதில் இன்னொரு வடிவம் வந்தது, அவ்வளவுதான். எந்த இரண்டு எழுத்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை.

சீனத்தில் கலந்தன. மக்கள் சீனம் 1956இல் எழுத்து எளிமையாக்கத் திட்டத்தை அறிவித்தது. 1964இல் முழுப் பட்டியல் வந்தது. 1986இல் சிறு திருத்தங்களோடு மறுபடி வெளியான பட்டியலில் 2235 எளிய எழுத்துகள் உள்ளன. சிங்கப்பூரும் மலேசியாவும் இதையே ஏற்றுக்கொண்டன. தைவான், ஹாங்காங், மக்காவ் மூன்றும் மரபெழுத்தில் நிற்கின்றன. மலேசியாவில் சீனப் பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளை வகுப்பில் எளிய எழுத்தைப் படித்துவிட்டு, வெளியே பல கடைப் பலகைகளில் மரபெழுத்தைப் பார்க்கிறது.

கலப்பு என்பது என்ன? ‘புறப்படு, வெளியிடு’ என்ற பொருளுள்ள ‘ஃபா’ முதல் தொனி (பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்); மரபெழுத்தில் 12 கோடு. ‘கூந்தல்’ என்ற பொருளுள்ள ‘ஃபா’ நான்காம் தொனி. மரபெழுத்தில் 15 கோடு, தலையில் நீண்ட முடியைக் குறிக்கும் உறுப்பு. எளிய எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 5 கோட்டு வடிவம். மரபிலிருந்து எளியதற்கு வருவது இறக்கத்தில் நடப்பதுபோல. எளியதிலிருந்து மரபுக்குப் போகும்போது ஒவ்வொரு கிளையிலும் நின்று ‘எந்த ஃபா?’ என்று கேட்க வேண்டும். இரண்டு முறையையும் சொல்லித்தருவதாகச் சொல்லும் மென்பொருள் எதையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இங்கே எடுத்துக்கொண்டவை மூன்று: பிளெக்கோ, ஆன்கி, ஸ்கிரிட்டர். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அகராதிக்குப் பிளெக்கோ, அதற்கு மாற்று இல்லை. மனப்பாடத்துக்கு ஆன்கி, அதுவும் நீங்களே அமைத்த டெக்கோடு (டெக் என்பது பயிற்சி அட்டைகளின் தொகுப்பு). கையால் எழுதியே ஆக வேண்டியவர்களுக்கு மட்டும் ஸ்கிரிட்டர், அதிலும் ஒரே ஒரு எழுத்து முறையில். ‘இரண்டும்’ என்ற பொத்தானை முதல் நாளே அழுத்துவதுதான் மூன்றிலும் நடக்கும் பெரிய தவறு.

முதலில் ஒரு சோதனை

எந்தச் செயலியானாலும், யாரோ பகிர்ந்த டெக்கானாலும், பணமோ நேரமோ போடுவதற்கு முன் சில சொற்களைத் தேடிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

தலைமுடி (தோஃபா): மரபெழுத்தில் இரண்டாம் எழுத்தின் தலையில் நீண்ட முடி உறுப்பு இருக்க வேண்டும். மகாராணி (ஹுவாங்ஹோ): ‘ஹோ’ மரபிலும் எளியதிலும் மாறாமல் 6 கோட்டோடு இருக்க வேண்டும். பின்னால் (ஹோமியன்): அதே ‘ஹோ’ ஒலி, ஆனால் மரபில் இடப்பக்கம் நடையைக் குறிக்கும் உறுப்போடு வேறு எழுத்து. மகாராணியை எழுதவேண்டிய இடத்தில் ‘பின்னால்’ ஹோவைப் போட்டிருந்தால், அந்த டெக்கை யாரோ எழுத்துக்கு எழுத்து இயந்திரத்தில் மாற்றியிருக்கிறார்கள். மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

நூடுல்ஸ் (மியன்த்தியாவ்) மரபில் இடப்பக்கம் கோதுமை உறுப்போடு 20 கோடு. எளியதில் ‘முகம்’ என்ற 9 கோட்டு எழுத்தே நூடுல்ஸுக்கும். நாள்காட்டியின் ‘லி’க்கு அடியில் சூரியன், வரலாற்றின் ‘லி’க்கு அடியில் ‘நில்’ என்ற உறுப்பு. எளியதில் இரண்டும் ஒன்று. பைன் மரத்தின் ‘சோங்’ இரண்டிலும் ஒன்றே. ‘தளர்த்து’ என்ற சோங்குக்கு மரபில் அதே பைன் மேல் முடி உறுப்பு ஏறும். பள்ளத்தாக்கின் ‘கு’ மாறாது, தானியத்தின் ‘கு’ மாறும். கோப்பையை உயர்த்திச் சொல்லும் ‘கான்பெய்’யில் வருவது ‘உலர்ந்த’ கான். கட்சி ஊழியரைச் சொல்லும் ‘கான்பு’வில் வருவது வேறு கான். குடும்பப் பெயர்களையும் ஒருமுறை பாருங்கள்: ஃபான், யூ என்ற பெயர்களின் எழுத்தை மரபுக்கு மாற்றும்போது தொடவே கூடாது.

எதிர்த் திசையிலும் ஒரு கண்ணி உண்டு. ‘உலர்ந்த’ என்ற மரபெழுத்துக்கு ‘ச்சியன்’ என்று இன்னொரு வாசிப்பு இருக்கிறது. ச்சியன்லோங் பேரரசரின் பெயரில் வருவது அதுதான். அந்த வாசிப்பில் அது எளிய எழுத்திலும் மரபு வடிவத்திலேயே நிற்கும். பேரரசரைக் ‘கான்லோங்’ ஆக்கிவிட்ட டெக்குகள் இருக்கின்றன.

பிளெக்கோ

அடிப்படைச் செயலி இலவசம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இணையம் இல்லாமலே ஓடும். செட்டிங்ஸில் எழுத்து வகையை எளியது, மரபு, இரண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். ‘இரண்டும்’ என்று வைத்தால் முதன்மை வடிவத்துக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் மற்ற வடிவம் வரும். அதில் ஒரு நுணுக்கம்தான் இதை மற்றவற்றிலிருந்து உயர்த்துகிறது: இரண்டு முறையிலும் ஒன்றாக இருக்கும் எழுத்துக்குப் பதில் வெறும் சிறு கோடு போட்டு, மாறும் எழுத்தை மட்டும் காட்டுகிறது. ‘பின்னால்’ என்ற சொல்லில் மாறுவது முதல் எழுத்துதான் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஒன்றுமே மாறாவிட்டால் அடைப்புக்குறியே வராது. அகராதியாகப் புரட்டும்போதே எந்தச் சொற்கள் பிரிகின்றன என்ற உணர்வு நாள்பட ஊறிவிடுகிறது. இதற்கு எந்தப் பயிற்சியும் ஈடில்லை.

மேலே சொன்ன சோதனையில் பிளெக்கோ தேறுவதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் சிசி-சீடிக்ட் அகராதியின் அமைப்பு. 1997இல் தொடங்கிய திறந்த அகராதி ஒன்றின் வாரிசு இது. ஒவ்வொரு பதிவும் ஒரு வரி: மரபு வடிவம், எளிய வடிவம், சதுர அடைப்புக்குள் ஒலி, சாய்கோடுகளுக்கு நடுவே பொருள். மகாராணியின் ஹோவும் ‘பின்னால்’ ஹோவும் எளிய வடிவத்தில் ஒன்றானாலும் தனித்தனி வரிகள். அதனால் தேடினால் இரண்டும் தனித்தனியே வரும்.

கட்டணச் சேர்க்கைகளில் மூன்று காசுக்குத் தகும். ஒன்று, கேமராவைக் காட்டினால் எழுத்தை வாசிக்கும் வசதி. தைவான் உணவகத்தின் நெடுக்கு வரிப் பட்டியல் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இதன் அருமை தெரியும். இரண்டு, முழுத்திரையில் விரலால் எழுதித் தேடும் வசதி. மூன்று, அவுட்லையர் என்ற எழுத்து அகராதி. ஓர் எழுத்தின் எந்த உறுப்பு ஒலியைத் தருகிறது, எந்த உறுப்பு பொருளைத் தருகிறது என்று அது பிரித்துச் சொல்கிறது. மரபெழுத்தைப் பயில்பவர்களுக்கு இது பெரிய துணை. பிளெக்கோவின் அட்டைப் பயிற்சியும் கட்டணச் சேர்க்கைதான். வசதிகள் நிறைய, ஆனால் அமைப்புப் பக்கங்கள் ஒரு காடு. ஆன்கி பழகியவர்களுக்குத் தேவைப்படாது.

496 என்ற எண்

2235 எழுத்தையும் இரண்டிரண்டாகப் படிக்க வேண்டுமோ என்று பலர் மலைத்துப்போகிறார்கள். வேண்டாம். அரசுப் பட்டியலே மூன்று அட்டவணைகளாகப் பிரிந்திருக்கிறது. முதல் அட்டவணையில் 350 எழுத்து. இவை தனியே எளிமையானவை, மற்ற எழுத்துகளுக்குள் உறுப்பாகப் போய் அவற்றை மாற்றாதவை. இரண்டாம் அட்டவணையில் 132 எழுத்தும் 14 உறுப்பும். இவை போகும் இடமெல்லாம் மாற்றத்தைக் கொண்டுபோகும். மூன்றாம் அட்டவணையின் 1753 எழுத்தும் இந்த இரண்டாம் அட்டவணையிலிருந்து விதிப்படி வருபவை. ஆக உண்மையில் நினைவில் வைக்க வேண்டியது 350, 132, 14, கூட்டினால் 496.

பேச்சைக் குறிக்கும் உறுப்பு 7 கோட்டிலிருந்து 2 ஆகிறது. பட்டு நூல் 6இலிருந்து 3, உலோகம் 8இலிருந்து 5. கதவு 8இலிருந்து 3, குதிரை 10இலிருந்து 3, சிப்பி 7இலிருந்து 4. இவை பழகிவிட்டால் நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்கு அட்டையே வேண்டாம். எனவே முதலில் இரண்டாம் அட்டவணையின் 132, 14 சேர்ந்த இந்த 146க்கும் அட்டை போடுங்கள். நாளுக்கு 10 என்றால் பதினைந்து நாள். பிறகு 350ஐ அவசரமில்லாமல் சொற்களோடு சேர்த்து எடுங்கள்.

விதியை நீட்டும்போது சறுக்கும் இடங்களைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். ஆர்க்கிட் மலரைக் குறிக்கும் ‘லான்’ 5 கோட்டு எழுத்தாகச் சுருங்கியது. ஆனால் அது முதல் அட்டவணையைச் சேர்ந்தது. அதனால் ‘பேரலை’ என்ற இன்னொரு லானுக்குள் அந்தச் சுருக்கம் போகாது. அங்கே உள்ளிருக்கும் கதவு மட்டும் மாறும். ‘லூ’ என்ற உறுப்பு மண்டையோட்டிலும் பெர்ச் வகை மீன் பெயரிலும் ஒருவிதமாகச் சுருங்குகிறது, அடுப்பிலும் நாணலிலும் கழுதையிலும் வேறுவிதமாக. இதற்குத் தர்க்கம் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். ஐந்தாறு சொல்லையும் ஒரே அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் ‘மறுபடியும்’ என்ற பொருளுள்ள இரண்டு கோட்டு எழுத்து. சீன இனத்தைக் குறிக்கும் ‘ஹான்’, ‘கடினம்’, ‘மகிழ்ச்சி’, ‘பார்’, ‘அதிகாரம்’, ‘சரி’, ‘கோழி’, ‘நாடகம்’ என்று எத்தனையோ எழுத்தில் பழைய உறுப்பை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். மகிழ்ச்சி ஹுவான், பார் குவான், அதிகாரம் ச்சுவான்: மரபெழுத்தில் மூன்றிலும் ஒரே உறுப்பு ஒலியைக் காட்டிக் கொடுக்கும். எளியதில் அந்தக் குறிப்பு மறைந்துவிட்டது. எளிய எழுத்திலிருந்து தொடங்குகிறவர் இந்தக் கூட்டத்தை மட்டும் மரபு வடிவத்தோடு சேர்த்தே படித்தால் லாபம். எளிமையாக்கம் எப்போதும் கெடுதல்தான் என்றும் சொல்வதற்கில்லை. ‘தூரம்’ என்ற யுவானுக்குள் ‘யுவான்’ என்றே ஒலிக்கும் சிறு எழுத்தையும், ‘மணி’ என்ற சோங்குக்குள் ‘சோங்’ என்றே ஒலிக்கும் ‘நடு’வையும் வைத்தது நல்ல வேலை.

ஆன்கி: அமைப்பதில்தான் எல்லாம்

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கான ஆன்கிமொபைலுக்கு ஒருமுறை 24.99 டாலர். அதன் பலமும் பலவீனமும் ஒன்றே: நீங்கள் சொன்னதைத்தான் செய்யும். பகிரப்பட்ட சீன டெக்குகளில் மரபு வடிவமும் எளிய வடிவமும் ஒரே அட்டையின் முன்பக்கத்தில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கலாம். அது பயிற்சியே இல்லை. தெரிந்த வடிவத்தைக் கண் பிடித்துக்கொள்ளும், தெரியாததைத் தாண்டிப்போகும், நீங்கள் ‘தெரியும்’ என்று அழுத்துவீர்கள்.

சரியான அமைப்பு இதுதான். ஒரு குறிப்புக்கு (ஒரு சொல்லின் விவரப் பதிவு; அதிலிருந்துதான் அட்டைகள் உருவாகும்) ஆறு புலம்: முதன்மை வடிவம், மாற்று வடிவம், ஒலி, பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம், ஒலிப்பதிவு. மாற்று வடிவப் புலத்தை வடிவம் மாறும் சொற்களுக்கு மட்டும் நிரப்ப வேண்டும். சிசி-சீடிக்ட் கோப்பைத் தரவிறக்கி, ஹாஷ் குறியில் தொடங்கும் குறிப்பு வரிகளை நீக்கி, விரிதாளில் பிரித்து, இரண்டு வடிவமும் சமமானால் வெற்று என்று ஒரு சூத்திரம் போட்டால் இது ஒரு நிமிட வேலை. எக்செலில் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள், எழுத்து குழம்பும். தரவு இறக்குமதி வழியே யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்றத்தைத் தேர்ந்து திறங்கள். சேமிக்கும்போதும் யூடிஎஃப்-8, டேப் பிரிப்பு.

அட்டை மூன்று வகை. ஒன்று, முதன்மை வடிவத்தைப் பார்த்து ஒலியும் பொருளும் சொல்வது. இரண்டு, மாற்று வடிவத்தைப் பார்த்து அதே. மூன்று, வாக்கியத்தையும் ஒலியையும் கொடுத்து முதன்மை வடிவத்தைக் கையால் எழுதுவது. இரண்டாம் அட்டையின் முன்பக்க வார்ப்புருவை, மாற்று வடிவப் புலம் நிரம்பியிருந்தால் மட்டும் காட்டும் நிபந்தனைக் குறிகளுக்குள் வையுங்கள். முன்பக்கம் வெற்றாக இருந்தால் ஆன்கி அந்த அட்டையை உருவாக்காது. இப்படிச் செய்தால் மாறாத சொற்களுக்கு வீண் அட்டைகள் குவியாது. மாற்று வடிவத்தை எழுதும் அட்டை வேண்டவே வேண்டாம். ஒன்றில் எழுது, இரண்டிலும் படி. வேலைக்கோ படிப்புக்கோ இரண்டையும் கையால் எழுத வேண்டியவர்கள் மிகச் சிலர்.

அட்டையின் அலகு சொல், தனி எழுத்து அல்ல. ‘இந்த ஃபாவின் மரபு வடிவம் என்ன?’ என்ற அட்டைக்கு இரண்டு விடை உண்டு. அப்படிப்பட்ட அட்டை ஒவ்வொரு முறையும் சூதாட்டம். தலைமுடி என்ற சொல்லாகக் கேட்டால் ஒரே விடை.

அடுத்தது நேர இடைவெளி. இரண்டு வடிவத்தையும் ஒரே வாரத்தில் புதிதாகப் படித்தால் ஒன்று மற்றொன்றைக் குலைக்கும். கை பாதி மரபும் பாதி எளியதுமாக ஒரு எழுத்தை எழுதிவிடும். இதைத் தவிர்க்க இரண்டாம் வகை அட்டைகள் எல்லாவற்றையும் தனி டெக்குக்குப் போகும்படி வார்ப்புருவில் அமைத்து, அனைத்தையும் முதலிலேயே நிறுத்தி வையுங்கள். வாரம் ஒருமுறை பிரவுசரில், முதல் வகை அட்டையின் இடைவெளி 21 நாளை எட்டியவற்றைத் தேடி, அந்தக் குறிப்புகளுக்கு ‘பழுத்தது’ என்று ஒரு குறிச்சொல் போடுங்கள். பிறகு அந்தக் குறிச்சொல்லோடு இரண்டாம் வகையைத் தேடி நிறுத்தத்தை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடக் காரியம். ஒரே குறிப்பிலிருந்து வந்த உடன்பிறப்பு அட்டைகளை அன்றைக்குப் புதைத்து வைக்கும் விருப்பங்களையும் இயக்குங்கள்; இல்லாவிட்டால் காலையில் பார்த்த வடிவம் மாலையில் மற்றதற்கு விடை சொல்லிவிடும்.

மறுபார்வைக் கணக்குக்கு 2023 முதல் உள்ளேயே வரும் எஃப்எஸ்ஆர்எஸ் முறையை இயக்கிவிடலாம். நினைவு இலக்கு முதன்மை டெக்குக்கு 0.90, மாற்று டெக்குக்கு 0.85 போதும். மாற்று வடிவத்தை வாக்கியத்தில் பார்க்கும்போது சூழல் பாதி உதவும், அதற்காக அதிக மறுபார்வை செலவழிக்க வேண்டாம். புதிய அட்டை முதன்மையில் நாளுக்கு 10, மாற்றில் 5. எட்டு முறை மறந்த அட்டையை ஆன்கி ‘அட்டைப்பூச்சி’ என்று குறிக்கும், அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். இந்த வகை டெக்கில் அப்படி நிற்பவை பெரும்பாலும் இரட்டைகள்: நாள்காட்டி லியும் வரலாறு லியும் போல. மறுபடி மறுபடி அடிப்பதால் தீராது. இரண்டு சொல்லையும் ஒரே அட்டையில் எதிரெதிரே வைத்து, வேறுபடும் உறுப்புக்கு வண்ணம் தீட்டினால் தீரும்.

எளியதில் மட்டும் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது, மரபு வடிவம் வேண்டும் என்றால் ஓப்பன்சிசி என்ற இலவச மாற்றியைப் பயன்படுத்துங்கள். அது தனி எழுத்தாகப் பார்க்காமல் சொற்றொடராகப் பார்த்து மாற்றுகிறது. தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் தனித்தனி அமைப்பும் உண்டு. அதற்குப் பிறகும் மேலே சொன்ன சோதனைச் சொற்களைக் கண்ணால் சரிபார்க்கத்தான் வேண்டும்.

எழுத்துரு என்ற பொறி

இதைப் பெரும்பாலான மதிப்புரைகள் தொடுவதே இல்லை, ஆனால் மரபெழுத்தைத் தப்பாகக் கற்றுக்கொள்ள இதைவிட எளிய வழி கிடையாது. யூனிகோடில் மரபும் எளியதுமான இணைகளுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. ஆனால் ஒரே எழுத்தைச் சீனமும் தைவானும் ஜப்பானும் சற்று வேறுபட எழுதும் இடங்களில் எண் ஒன்றே. வடிவத்தை எழுத்துருதான் முடிவு செய்யும். ‘எலும்பு’ சீன முறையில் 9 கோடு, தைவான் முறையில் 10. திரையில் எது வரும் என்பது உங்கள் போனின் மொழி அமைப்பைப் பொறுத்தது. மொழி தமிழாகவோ ஆங்கிலமாகவோ இருந்தால் ஜப்பானிய வடிவம் வந்து உட்கார்ந்துகொள்ளவும் கூடும்.

சோதிக்க ஒரு எழுத்து போதும்: ‘நேர்’ என்ற பொருளுள்ள ‘ஜி’. ஜப்பானிய எழுத்துருவில் அதன் இடக்கீழ் மூலையில் நிமிர்ந்த கோடு ஒன்று அடிக்கோட்டோடு வளைந்து சேரும். சீன எழுத்துருவில் சேராது. ஆன்கியில் இதைச் சரிசெய்ய ஒவ்வொரு புலத்தையும் வார்ப்புருவில் அதற்குரிய மொழிக் குறியோடு சுற்றுங்கள்: முதன்மைக்குத் தைவான் மரபுச் சீனம் என்றால், மாற்றுக்கு எளிய சீனம். இன்னும் உறுதியாக வேண்டுமானால் இலவச நோட்டோ எழுத்துருவின் தைவான் பதிப்பையும் சீனப் பதிப்பையும் தனித்தனியே ஆன்கியின் ஊடகக் கோப்புறையில் போடுங்கள். கோப்புப் பெயர் அடிக்கோட்டுக் குறியில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பயன்படாத கோப்புகளைச் சரிபார்க்கும்போது அது நீக்கப் பட்டியலில் வந்துவிடும். எழுதும் அட்டையின் விடைப் பக்கத்துக்கு அச்சு எழுத்துருவை விட ‘காய்’ பாணி எழுத்துரு நல்லது. தூரிகை வடிவத்தை ஒட்டியது என்பதால் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். தைவான் கல்வி அமைச்சு தன் தரப்படுத்திய காய் எழுத்துருவை இலவசமாகவே தருகிறது.

ஸ்கிரிட்டர்

மாதச் சந்தா, இலவசச் சோதனைக் காலம் உண்டு. திரையில் விரலால் கோடு கோடாக எழுத, செயலி ஒவ்வொரு கோட்டையும் சரிபார்த்து ஏற்கும். பாடநூல்வாரியான தயார்ப் பட்டியல்களும் ஏராளம். எழுதுவது, தொனி, ஒலி, பொருள் என்று நான்கு கோணத்திலும் தனித்தனியே சோதிக்கும். எளியது, மரபு, இரண்டும் என்ற தேர்வும் இருக்கிறது.

எழுத்துப் பயிற்சியாக இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. முதலாவது, ஒவ்வொரு கோட்டுக்கும் உடனே ‘சரி’ என்று தலையாட்டுவதால், உங்களை அறியாமலே செயலியின் முகத்தைப் பார்த்து எழுதப் பழகிவிடுவீர்கள். இரண்டு கோடு சரியாக விழுந்ததும் மூன்றாவது தானாக வரும். வெற்றுத் தாளில் அப்படி வராது. கோடுகளைத் திருத்தாமல் நீங்கள் கிறுக்கியபடியே விட்டு, முழு எழுத்தும் முடிந்த பிறகு விடையைக் காட்டும் ‘ரா ஸ்குவிக்ஸ்’ அமைப்பை இயக்கினால் இந்தக் குறை பெருமளவு போகும். இதை இயக்காமல் ஸ்கிரிட்டருக்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை.

இரண்டாவது சுமை. நான்கு கோணம், அதோடு இரண்டு எழுத்து முறை என்றால் ஒரு சொல் எத்தனை மறுபார்வையாகப் பெருகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் விட்டுவிட்டுத் திரும்பினால் நிலுவை மலைபோல நிற்கும். தொனியையும் ஒலியையும் அணைத்துவிட்டு எழுதுவதை மட்டும் வையுங்கள். மற்றதை ஆன்கி பார்த்துக்கொள்ளும். எழுத்து முறையும் ஒன்றே.

எந்த முறையைத் தேர்ந்தாலும், கோட்டு எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறுவதை நினைவில் வையுங்கள். செடியைக் குறிக்கும் தலையுறுப்பு சீனத்தில் 3 கோடு, தைவான் தரத்தில் நடுவே பிரிந்து 4. நடையைக் குறிக்கும் அடியுறுப்பும் அப்படியே, 3க்கு 4. தைவானில் வகுப்பில் சேரப்போகிறவர் சீன முறையில் எழுதினால் ஆசிரியர் திருத்துவார். ஆண்ட்ராய்டில் ஆன்கி வைத்திருப்பவர்களுக்குச் சந்தாவே தேவையில்லாத ஒரு வழியும் உண்டு: அட்டை மேலேயே விரலால் எழுதும் வெள்ளைப்பலகை அதில் இருக்கிறது. சரிபார்க்காது; ஆனால் மூன்றாம் வகை அட்டைக்கு அதுவே போதும். அதைவிடச் சிறந்தது கட்டம்போட்ட நோட்டும் பென்சிலும்.

மரபெழுத்து என்றால் எந்த மரபு?

‘உள்ளே’ என்ற லியைத் தைவான் உடை உறுப்பை இடப்பக்கம் வைத்து எழுதும், ஹாங்காங் அதே உறுப்பை மேலும் கீழுமாகப் பிரித்து நடுவே மற்றதை வைத்து எழுதும். விடையைத் தட்டச்சு செய்யும் அட்டை வைத்திருந்தால் ஒன்றைத் தவறென்று சொல்லிவிடும்; மாற்று விடையையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

எழுத்து மட்டுமல்ல, சொல்லும் மாறுகிறது. மென்பொருள், டாக்சி, அன்னாசி எல்லாவற்றுக்கும் தைவானிலும் சீனத்திலும் வேறு வேறு சொற்கள். சீனத்தில் ‘து-தோ’ உருளைக்கிழங்கு, தைவானில் வேர்க்கடலை. குப்பை சீனத்தில் ‘லாஜி’, தைவானில் ‘லசே’, எழுத்து ஒன்றே. ஆகவே எளிய எழுத்துச் சொல்லை மரபுக்கு மாற்றிவிட்டால் தைவான் சொல் கிடைத்துவிட்டது என்று எண்ணக் கூடாது. ஆன்கியில் ‘ஊர்’ என்று ஏழாவது புலம் ஒன்றைச் சேர்த்து, அந்தந்தச் சொல் எங்கே வழங்குகிறது என்று விடைப் பக்கத்தில் காட்டுங்கள்.

எந்த முறையிலிருந்து தொடங்குவது? வேலை, படிப்பு, உறவு எதுவும் ஒருபக்கம் இழுக்காவிட்டால் மரபிலிருந்து தொடங்கச் சொல்வோம். கிளைகளை முதலிலேயே தெரிந்துகொண்டவருக்கு அவை ஒன்றாகச் சேர்வது சிரமம் தராது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பள்ளிப் பிள்ளை என்றால் எளியதே முதன்மை. மரபை 146 உறுப்பு அட்டைகளோடு பள்ளி விடுமுறையில் தொடங்கலாம். ஆறு மாதத்துக்குள் ஹெச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வு எழுதப் போகிறவர் மாற்று டெக் முழுவதையும் நிறுத்திவைத்துவிட்டு, பிளெக்கோவின் அடைப்புக்குறியை மட்டும் திறந்து வைத்திருங்கள்.